ஏஞ்சல் மீனின் முட்டைகள் வெளுப்பது ஏன்?

வண்ண மீன் வளர்ப்பை உபதொழிலாகக் கொண்டுள்ள தோட்ட மக்களிடம் நாம் அடிக்கடி கேட்கும் குறை ஒன்று உண்டு. ஏஞ்சல் மீன்கள் முட்டையிடுகின்றன. இரண்டாம் நாள் அத்தனையும் வெளுத்துவிடுகின்றன. குஞ்சு ஒன்றும் கிட்டுவதில்லை. இணை என்று நம்பி வாங்கிய மீன்களுக்குக் கொடுத்த பணமும், மாதக் கணக்கில் இட்ட தீனியும் வீண் என்று மனம் சோர்ந்து வளர்ப்பையே கைவிட்டோரும் உளர். அவ்வாறு செய்யுமுன் காரணத்தை ஆராய்தல் நலம்.

கருவுற்ற முட்டை தெளிந்த தேன் நிறமாக இருக்கும். மறுநாளைக்குள் அதனுள் கரும்புள்ளி தோன்றத் தொடங்கும். நீரின் வெப்பம் 27, 28 பாகை செல்சியஸ் இருப்பின் ஏறத்தாழ இரண்டரை நாளில் பொரியும். கருவுறாதது பால்போல் வெளுக்கும். பின்னர் அதன்மீது பூஞ்சணம் படர்ந்து அண்டையிலுள்ள நல்ல முட்டைகளையும் கெடுக்கும். முட்டைகள் வெளுக்காமல் மறைந்துவிட்டால், பெற்ற மீன்களே தின்றுவிட்டன என்று கொள்க. அது மலட்டுத்தன்மை அன்று.

அத்தனை முட்டைகளும் ஒவ்வொரு முறையும் வெளுக்குமாயின், முதலில் ஐயுற வேண்டியது இணையையே. ஏஞ்சல் மீனில் ஆண் பெண் வேற்றுமை வெளித்தோற்றத்தில் தெரிவதில்லை. ஆண் இல்லாவிடத்து இரு பெண் மீன்கள் ஒன்றுகூடி, இலையைத் துப்புரவு செய்து, இரண்டுமே முட்டையிட்டு, காவலும் இருக்கும்! பார்ப்பவர் மெய்யான தம்பதி என்றே எண்ணுவர். முட்டையிடும் நாளில் வயிற்றின் அடியில் நீளும் குழலைக் கவனியுங்கள். பெண்ணுக்கு அது பருத்து மழுங்கியிருக்கும். ஆணுக்கு மெலிந்து கூர்மையாக இருக்கும். இணை என்று விலை கூட்டிச் சொல்லும் இரண்டை வாங்குவதினும், குஞ்சுகளில் ஆறேழு வாங்கி வளர்த்து, அவை தாமே இணை சேர விடுவதே எமது கருத்தில் சிக்கனமானது.

அடுத்தது தண்ணீர். இம்மீனின் தாயகமான அமேசான் ஆற்றுப் படுகையில் நீர் மென்மையானது. புதிய சிமெண்டுத் தொட்டியிலோ சுண்ணாம்பு கரைந்து நீர் கடினமாகிக் காரமேறும். அதில் கருவுறுதல் குன்றும். சில வாரம் வாழைத்தண்டைத் துண்டாக்கிப் போட்டு ஊறவைத்து, பலமுறை நீரை மாற்றிய பின்னரே மீன் விடுக. குழாய் நீரைக் குளோரின் நீங்க ஓரிரு நாள் வைத்திருப்போர் மெல்லிய வலையால் மூடி வைத்தல் வேண்டும். கொசுப்புழு மீனுக்கு நல்ல தீனிதான். ஆயினும் வீட்டில் அதனை வளரவிடுவது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமாகும்.

முட்டையிடும் வேளையில் காற்றுக் குமிழியை மெதுவாக்குக. பெண் வரிசையாக ஒட்டிச் செல்லும் முட்டைகளின்மீது ஆண் விந்தைப் பாய்ச்சுகிறது. நீரோட்டம் வலுத்தால் அது சிதறிவிடும்.

தோட்டத்திற்கே உரிய எச்சரிக்கை ஒன்று. களைக்கொல்லி, பார்மிக் அமிலம், அமோனியா ஆகியவை இருந்த பாத்திரத்தை எத்தனை முறை கழுவியிருப்பினும் மீனுக்குப் பயன்படுத்தாதீர். பால்வெட்டு முடிந்து வந்த கையையும் நன்கு கழுவாமல் தொட்டியில் இடாதீர்.

இளம் இணையின் முதல் சில ஈடுகள் தவறுவது இயல்பே. வெளுத்த முட்டைகளை அகற்றிவிட்டால், நல்ல தீனி பெறும் பெண் மீன் பெரும்பாலும் இரு வாரத்திற்குள் மீண்டும் முட்டையிடும்.