வியாழனைப் படமெடுக்க எந்தக் கேமரா?

தொலைநோக்கி வாங்கிய மூன்றாம் நாளே வந்துவிடும் ஆசை இது. கண்ணால் பார்த்ததைப் பக்கத்து வீட்டுக்காரருக்கும் காட்ட வேண்டும். கைப்பேசியை ஐபீஸில் வைத்து அழுத்தினால் திரையில் ஒரு வெள்ளைப் பொட்டுதான் விழுகிறது. பட்டைகளும் இல்லை, பெருஞ்சிவப்புப் புள்ளியும் இல்லை. எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. வீட்டில் சும்மா கிடக்கும் டிஎஸ்எல்ஆரை மாட்டலாமா, கோள்களுக்கென்றே விற்கும் சின்னக் கேமராவை வாங்கலாமா என்ற யோசனை அடுத்து வரும்.

150 மி.மீ. கண்ணாடியும் 1200 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட ஒரு டாப்சோனியன் தொலைநோக்கியை வைத்துக் கணக்குப் போடுவோம். இரண்டு மடங்கு பார்லோ வில்லையைச் செருகினால் குவியத் தூரம் 2400 மி.மீ. ஆகும். வியாழன் நமக்கு நெருங்கி வரும் நாட்களில் அதன் அகலம் சுமார் 45 விகலை (ஆர்க்செகண்ட்). அப்போது சென்சாரில் விழும் பிம்பம் அரை மில்லிமீட்டர், அதாவது கடுகைவிடச் சிறியது. சாதாரண டிஎஸ்எல்ஆரின் சென்சார் 22 மி.மீ. அகலம் என்பதால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மெகாபிக்சல்களில் பெரும்பகுதி வெறும் இருட்டைத்தான் படம் பிடிக்கும்.

போகட்டும், அரை மில்லிமீட்டரையாவது கூர்மையாக எடுக்குமே என்றால், அங்கே காற்று குறுக்கே நிற்கிறது. எரியும் அடுப்புக்கு மேலே நெளியும் காற்றின் வழியே எதிர்ச்சுவரைப் பார்ப்பதுபோலத்தான் நாம் கோள்களைப் பார்க்கிறோம். எப்போதாவது ஒரு கணம் நெளிவு அடங்கும். அந்தக் கணம் எவ்வளவு அபூர்வம் என்பதை ஒளியியல் ஆய்வாளர் டேவிட் ஃப்ரைட் 1978இல் கணக்கிட்டே காட்டினார். அதனால்தான் கோள்களை ஒற்றைப் படமாக எடுப்பதில்லை. வீடியோவாகச் சில ஆயிரம் ஃப்ரேம்களை எடுத்து, நல்லதாகப் பத்து இருபது சதவீதத்தைப் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறோம். பொறுக்கி அடுக்க ஆட்டோஸ்டாக்கர்ட், கூர்மையேற்ற ரெஜிஸ்டாக்ஸ், இரண்டும் இலவசம். வியாழன் பத்து மணி நேரத்துக்குள் தன்னைத்தானே சுற்றிவிடும். எனவே ஒரு வீடியோ இரண்டு மூன்று நிமிடத்தைத் தாண்டினால் விவரங்கள் இழுபட்டுவிடும்.

வீடியோ என்றதும் டிஎஸ்எல்ஆர் இன்னும் பின்தங்குகிறது. முழு சென்சாரையும் 1920 பிக்சலுக்குச் சுருக்கிப் பதிவு செய்தால் நம் வியாழனுக்குக் கிடைப்பது சுமார் 45 பிக்சல் அகலம். 2.9 மைக்ரான் பிக்சல் கொண்ட சின்னக் கோள் கேமராவில் அதே பிம்பம் 180 பிக்சல். வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் நொடிக்கு நூறு ஃப்ரேமுக்கு மேலும் போகலாம். கேனான் 550டி, 60டி போன்ற சிலவற்றில் சென்சாரின் நடுப்பகுதியை மட்டும் வீடியோ எடுக்கும் வசதி உண்டு. அவை கையில் இருந்தால் முதலில் அதை முயன்று பாருங்கள்.

கோள் கேமராவில் வண்ணத்தையே வாங்குங்கள். கறுப்பு-வெள்ளையும் ஃபில்டர்களும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிக்சல் அளவை ஐந்தால் பெருக்கினால் வரும் எண்தான் தேவையான குவிய விகிதம் என்பது ஒரு கைக்கணக்கு. 2.9 மைக்ரானுக்கு எஃப்/15 வாக்கில் வரும். நம் டாப்சோனியன் பார்லோவோடு எஃப்/16, பொருத்தம்தான். மறைந்திருக்கும் செலவு மடிக்கணினி. இந்தக் கேமராவைப் பெரும்பாலும் அதில் இணைத்துத்தான் இயக்க வேண்டும். மோட்டார் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். சென்சாரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கோள் நகர அரை நிமிடம் ஆகும். ஓடவிட்டுப் பிடித்து, மறுபடி குழாயைத் தள்ளி வைத்தால் போதும். ஃப்ரேம்களை நடுவுக்குக் கொண்டுவர பிப் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மோட்டாரைவிடக் கேமராவுக்குத்தான் நான் முதலில் செலவழிப்பேன்.

ஆனால் நிலவுகள் என்று வந்தால் கதை திரும்புகிறது. சின்னக் கேமராவின் பார்வை 8 கலை (ஆர்க்மினிட்) அகலம்தான். கலிஸ்டோ வியாழனைவிட்டு 10 கலை வரை விலகிப் போகும். வியாழனை நடுவில் வைத்தால் அது சட்டகத்துக்கு வெளியே. பார்லோவைக் கழற்றிவிட்டு டிஎஸ்எல்ஆரை மாட்டினால் ஒரு பாகை அகலம் கிடைக்கும், நான்கு பெரிய நிலவுகளும் வசதியாக உட்காரும். வியாழனுக்கு ஒளி சரியாக வைத்தால் நிலவுகள் மங்கும், நிலவுகளுக்கு வைத்தால் வியாழன் வெளுக்கும். இரண்டு படம் எடுத்து இணைப்பதுதான் வழி. அயோ 42 மணி நேரத்தில் ஒரு சுற்று முடிப்பதால், மணிக்கொரு படம் எடுத்தாலே அது நகர்வது தெரியும். சனியின் டைட்டனுக்கு ஒரு நொடி போல ஒளி வேண்டும். அதற்குள் கோள் 15 விகலை நகர்ந்துவிடும். இங்கே மட்டும் மோட்டார் தேவைதான்.

வியாழனின் நிலவான கனிமீடின் மேற்பரப்பை எல்லாம் 150 மி.மீ. கண்ணாடியில் எதிர்பார்க்காதீர்கள், ஒரு குட்டி வட்டம் தெரிந்தால் பெரிது. 1972 ஜூனில் கனிமீடு ஒரு விண்மீனை மறைத்ததைக் காவலூர் வான் ஆய்வகத்தின் ஒரு மீட்டர் தொலைநோக்கியால் பதிவு செய்தபோதுகூட, வானியலாளர்கள் அளந்தது விண்மீன் ஒளி மங்கிய விதத்தைத்தான். நமக்கு எளிதில் கிடைப்பது, நிலவின் நிழல் வியாழன்மேல் மைப்பொட்டாக ஊர்வது. அதைச் சின்னக் கேமரா அழகாகப் பிடிக்கும்.

கைப்பேசியை அதற்காக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. கையால் பிடிக்காமல் ஒரு தாங்கியில் மாட்டி, ஒளியை நன்றாகக் குறைத்து, வீடியோ எடுத்து அடுக்கினால் இரண்டு பட்டைகள் வந்துவிடும். நம் நிலாவுக்கு அதுவே தாராளம்.

நம் பக்கம் ஒரு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2006இல் வியாழனின் ஓவல் பிஏ என்ற புயல் சிவந்துவிட்டதை முதலில் கவனித்த கிறிஸ்டோபர் கோ, பிலிப்பைன்ஸின் செபுவிலிருந்து 11 அங்குலத் தொலைநோக்கியால் அதைப் படமெடுத்தவர். செபு இருப்பது 10 பாகை வட அகலாங்கில். திருச்சியும் ஏறக்குறைய அதே கோட்டில்தான். இந்த அகலாங்கில் கோள்கள் உச்சிக்கு அருகே ஏறும், குறுக்கே வரும் காற்று குறையும். ஐரோப்பியர்கள் இதற்காகவே விமானம் ஏறுகிறார்கள். ஆனால் பகலெல்லாம் வெயில் குடித்த மொட்டை மாடி இரவு பத்து மணி வரை அனல் கக்கும். அது அடங்கிய பிறகு தொடங்குங்கள். அடுத்த வீட்டு ஏசியின் வெளிப்பெட்டிக்கு மேலே வியாழன் வரும்வரை மட்டும் காத்திருக்காதீர்கள்.