ஐசியைத் தொடுமுன்...

உடம்பில் தேங்கும் நிலைமின்னூட்டம் 3,000 வோல்ட் அளவைத் தொட்டால்தான் நமக்குச் ‘சுரீர்’ என்று உறைக்கும்; சில மாஸ்ஃபெட்டுகள் 100 வோல்ட்டிலேயே பழுதாகிவிடும். ஆகவே ரிப்பேர் மேசைக்கு ஆன்டிஸ்டாடிக் மேட், மணிக்கட்டுப் பட்டை இரண்டும் தேவை. இரண்டையும் ஒரே எர்த்தில் இணையுங்கள். அந்த எர்த் வேலை செய்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் பார்த்துவிடுங்கள். பல பழைய வீடுகளில் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது துளைக்கு வயரே போயிருக்காது.

நல்ல பட்டையின் வயரில் 1 மெகாஓம் ரெசிஸ்டர் இருக்கும். கை தவறி மின்சாரத்தில் பட்டால் உடம்பில் பாயும் மின்னோட்டத்தைக் குறைப்பது அதுதான். வெறும் செம்புக் கம்பியைக் கையில் சுற்றிக்கொள்வது உயிருக்கே ஆபத்து, தயவுசெய்து வேண்டாம். மெயின்ஸ் ஓடும் போர்டைத் தொடும்போது பட்டையையும் கழற்றிவிடுங்கள்.

பட்டை தோலை ஒட்டியே இருக்கட்டும். தெர்மாகோல், செல்லோடேப், பிளாஸ்டிக் கவர் எதுவும் மேசைப்பக்கம் கூடாது.