முதலில் யாருக்குப் பரிமாறுவது?

நம் வீடுகளில் எல்லோரும் உண்டபின் மீதியை உண்பவர் அம்மா. அம்மாவோ அண்ணியோ கருவுற்றிருக்கும்போதும் இவ்வழக்கம் நீடிக்கலாமா? கூடாது. இரத்தசோகை தாய்க்கும் சேய்க்கும் கேடு.

சத்துணவுக்குப் பெரும் பணம் தேவையில்லை. காலையில் கேழ்வரகு அடை. சுண்ணாம்புச் சத்து மிக்கது. மதியம் சோறு, சாம்பார், முருங்கைக்கீரைப் பொரியல். கீரையில் எலுமிச்சைச் சாறு பிழிந்தால் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். சாப்பிட்டவுடன் காபி, தேநீர் அருந்தினால் அது குறையும். மாலையில் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது வேர்க்கடலை. இயன்ற நாளில் முட்டை. இதையே அனைவரும் உண்டால் தனிச் சமையல் செலவில்லை.

அங்கன்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரை இலவசம். தவறாமல் பெறச் செய்வோம்.

தோழியரே, இன்றிரவு நாம் பரிமாறுவோம். முதல் தட்டு அவருக்கே!