கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை எங்கிருந்து வந்தது?

அப்பாவின் முதலாண்டு நினைவு நாளுக்கு அவர் படம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து மாட்ட வேண்டும் என்று அம்மா கேட்டார். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு படம். கல்யாணத்திற்கு முன் ஸ்டூடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். ஓரங்கள் மடிந்து, பழுப்பேறியிருந்தது. வீட்டில் ஸ்கேனரும் இங்க்ஜெட் பிரிண்டரும் இருக்கும்போது கடைக்கு எதற்கு என்று நானே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்பது என் கணக்கு. இரண்டு நாள் ஆனது. ஒரு பாக்கெட் போட்டோ பேப்பரும் போனது. முதலில் வந்த நல்ல பிரிண்ட்டை அம்மாவிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னடா, உங்கப்பா முகம் பாசி பிடிச்ச மாதிரி இருக்கு?" என்றார்.

கலர்ப் படத்தில் கொஞ்சம் பச்சை கூடினால் கண் அதைப் பெரிதுபடுத்தாது. கறுப்பு வெள்ளையில் அப்படியில்லை. சாம்பல் நிறத்தில் துளி பச்சையோ, துளி சிவப்போ கலந்தால் உடனே தெரிந்துவிடும். உங்களுக்கும் இப்படி நடந்தால் எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை, நான் தடுமாறிய வரிசையிலேயே சொல்கிறேன்.

முதல் சந்தேகம் பிரிண்டர் மீது வேண்டாம். படத்தின் மீது வையுங்கள். பழைய படத்தை ஸ்கேன் செய்யும்போது ஸ்கேனர் பெரும்பாலும் கலரில்தான் ஸ்கேன் செய்யும். தாளின் பழுப்பும் பைலுக்குள் வந்துவிடும். மானிட்டரில் பார்த்தால் கறுப்பு வெள்ளை போலத்தான் தெரியும். கண்ணை நம்பாமல் எண்ணைப் பாருங்கள். விண்டோஸில் உள்ள பெயிண்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, சொட்டு மருந்துக் குழாய் போன்ற ஐகானைக் கிளிக் செய்து, படத்தில் சாம்பல் நிறமான ஓர் இடத்தைக் கிளிக் செய்யுங்கள். பிறகு எடிட் கலர்ஸ் என்பதைத் திறந்தால் ரெட், கிரீன், புளூ என மூன்று எண்கள் கிடைக்கும். மூன்றும் ஒரே எண்ணாக, உதாரணமாக 128, 128, 128 என்று இருந்தால் அது சுத்தமான சாம்பல். என் படத்தில் புளூ மட்டும் 20 குறைவாக இருந்தது. அதுதான் பழுப்பு.

இதைச் சரி செய்வது எளிது. வீட்டு உபயோகத்திற்கு இலவசமாகக் கிடைக்கும் இர்பான்வியூவில் படத்தைத் திறந்து, இமேஜ் மெனுவில் கன்வர்ட் டு கிரேஸ்கேல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். கண்ட்ரோல் கீயுடன் ஜி அழுத்தினாலும் போதும். பிறகு வேறு பெயரில் சேவ் செய்யுங்கள். ஒரிஜினல் ஸ்கேன் பைலின் மீதே சேவ் செய்துவிடாதீர்கள். அது ஏன் என்பது கடைசியில் தெரியும்.

பைல் சுத்தமாகிவிட்டது. அதை பிரிண்ட் செய்தபோதுதான் அம்மா பாசி என்றார்.

இங்கேதான் நான் பல ஆண்டுகளாகத் தவறாக நினைத்திருந்த ஒரு விஷயம் வெளிப்பட்டது. கறுப்பு வெள்ளைப் படம் என்றால் பிரிண்டர் கறுப்பு இங்க்கை மட்டும் பயன்படுத்தும் என்று நம்பியிருந்தேன். பிரிண்டர் செட்டிங்கில் கிரேஸ்கேல் என்ற கட்டத்தில் டிக் வேறு செய்திருந்தேன். ஆனால் தபால்தலை பார்க்கும் லென்ஸ் ஒன்றை பிரிண்ட் மீது வைத்துப் பார்த்தால், அப்பாவின் கன்னத்தில் நீலம், ரோஸ், மஞ்சள் புள்ளிகள்! கறுப்புப் புள்ளிகள் ஏறக்குறைய இல்லவே இல்லை.

காரணம் இதுதான். வீடுகளில் உள்ள பல பிரிண்டர்களில் கறுப்பு இங்க் பிக்மென்ட் வகை. அதாவது நுண்ணிய தூள் கலந்த இங்க். சாதாரணத் தாளில் எழுத்துகளை அடர்த்தியாகக் காட்ட அது நல்லது. பளபளப்பான போட்டோ பேப்பரில் அது சரியாக ஒட்டாது. தொட்டால் கையில் வரும். ஆகவே நீங்கள் பேப்பர் வகையில் போட்டோ பேப்பர் என்று தேர்ந்தெடுத்தவுடன் பிரிண்டர் அந்தக் கறுப்பை ஒதுக்கிவிட்டு, சியான், மெஜந்தா, மஞ்சள் ஆகிய மூன்றையும் கலந்து சாம்பல் நிறத்தை உண்டாக்குகிறது. போட்டோவிற்கென்றே தனிக் கறுப்பு இங்க் உள்ள மாடல்களிலும் வெளிச்சமான பகுதிகளில் இந்தக் கலவைதான் வேலை செய்யும். கறுப்புப் புள்ளியை அங்கே வைத்தால் முகத்தில் மிளகு தூவியது போல் தெரியும் என்பதால் இந்த ஏற்பாடு.

மூன்று இங்க்கும் சரியான அளவில் விழும்வரை சாம்பல், சாம்பலாக இருக்கும். ஒன்று கொஞ்சம் குறைந்தாலும் மற்ற இரண்டின் நிறம் தலைதூக்கும். மெஜந்தா குறைந்தால் பச்சை. சியான் குறைந்தால் சிவப்பு. மஞ்சள் குறைந்தால் நீலம். இதை ஒரு தாளில் எழுதி பிரிண்டர் மேல் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒட்டி வைத்திருக்கிறேன்.

எனக்கு வந்தது பச்சை. அப்படியானால் மெஜந்தாவைப் பார்க்க வேண்டும். பிரிண்டரின் பிராபர்டீஸ் அல்லது பிரிபரன்சஸ் பகுதியில் மெயின்டனன்ஸ் என்ற டேப் இருக்கும். அதில் நாசில் செக் என்பதைக் கிளிக் செய்தால் ஒவ்வோர் இங்க்குக்கும் கோடுகள் போட்டுக் காட்டும். இதற்குச் சாதாரணத் தாள் போதும். என் பிரிண்டரில் மெஜந்தா கோடுகள் பாதிக்கு மேல் அறுந்திருந்தன. இரண்டு மாதம் பிரிண்டரைத் தொடாமல் விட்டதன் பலன். நாசில் துளைகளில் இங்க் காய்ந்துவிட்டது. அதே டேப்பில் உள்ள கிளீனிங் கட்டளையை இரண்டு முறை கொடுத்ததும் கோடுகள் முழுமையாயின. மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கும் இங்க்கை உறிஞ்சிக் கழிவாகத் தள்ளுகிறது. சரியாகவில்லை என்றால் ஓர் இரவு அப்படியே விட்டுவிட்டு, காலையில் மறுபடி முயலுங்கள். மூன்று நிறமும் ஒரே கார்ட்ரிட்ஜில் இருக்கும் பிரிண்டர் என்றால், அதில் ஒரு நிறம் மட்டும் தீர்ந்திருக்கலாம். அதற்குக் கிளீனிங் உதவாது. கார்ட்ரிட்ஜை மாற்ற வேண்டியதுதான்.

விலை குறைந்த ரீபில் இங்க் ஊற்றியிருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு. கோடுகள் எல்லாம் முழுமையாக வரும். ஆனால் சாம்பல் நிறம் சாயும். பிரிண்டர் தன் கம்பெனி இங்க்கின் நிறத்தை மனதில் வைத்துக் கணக்குப் போடுகிறது. நீங்கள் ஊற்றியிருப்பது வேறு சாயம். ரீபில் கூடாது என்று நான் சொல்லவில்லை. பரீட்சை வினாத்தாளுக்கு அது போதும். அப்பா படத்திற்கு வேண்டாம்.

பச்சை போய்விட்டது. அடுத்த பிரிண்ட்டில் லேசாக ரோஸ் வந்தது! இதைக் கண்டுபிடிக்கத்தான் பாதி நாள் ஆனது. நான் போட்டோஷாப்பிலிருந்து பிரிண்ட் செய்தேன். அதன் பிரிண்ட் டயலாக் பாக்ஸில் நிறத்தைக் கவனிப்பது யார் என்று ஒரு கேள்வி இருக்கும். நான் போட்டோஷாப் என்று கொடுத்திருந்தேன். பிரிண்டர் டிரைவரும் தன் பங்குக்கு நிறத்தைத் திருத்திக்கொண்டிருந்தது. ஒரே குழம்பில் இரண்டு பேர் உப்புப் போட்டது போல. இப்படி இரட்டைத் திருத்தம் நடந்தால் பெரும்பாலும் படம் மெஜந்தா பக்கம் சாயும். புதியவர்கள் பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்துவிடுவது நல்லது. கூடவே பேப்பர் வகை, நீங்கள் வைத்திருக்கும் தாளோடு பொருந்துகிறதா என்றும் பாருங்கள். போட்டோ பேப்பரை வைத்துவிட்டு பிளெயின் பேப்பர் என்று விட்டுவிட்டால் இங்க்கின் அளவு, கலவை எல்லாமே மாறிவிடும்.

இவ்வளவும் செய்த பிறகும் சிறு சாயல் மிச்சமிருந்தால் டிரைவரில் கலர் அட்ஜஸ்ட்மென்ட் பகுதிக்குப் போய் சியான், மெஜந்தா, எல்லோ ஸ்லைடர்களை இரண்டு இரண்டு புள்ளியாக நகர்த்திப் பாருங்கள். பச்சை தெரிந்தால் மெஜந்தாவைக் கூட்டுங்கள். கிரேஸ்கேல் டிக் இருக்கும்போது சில டிரைவர்களில் இந்த ஸ்லைடர்கள் அசையாது. டிக்கை எடுத்துவிடுங்கள், பைல்தான் ஏற்கனவே சாம்பலாயிற்றே. ஒவ்வொரு முயற்சிக்கும் முழுத் தாளை வீணாக்க வேண்டாம். முகத்தை மட்டும் வெட்டி, தாளின் ஒரு மூலையில் பிரிண்ட் செய்து பாருங்கள். இந்த யோசனை எனக்கு ஏழாவது தாளில்தான் வந்தது.

பிரிண்ட் வெளியே வந்த உடனேயும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஈரம் காயும்போது நிறம் கொஞ்சம் மாறும். சில மணி நேரமாவது விட்டுப் பாருங்கள். எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். மூன்று நிறக் கலவையால் ஆன சாம்பல், டியூப்லைட்டில் ஒன்றாகவும் வெயிலில் வேறாகவும் தெரியும். 2000-ம் ஆண்டில் வெளிவந்த எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 2000பி என்ற பிரிண்டர் இதற்குப் பெயர் போனது. அறைக்குள் சரியாகத் தெரிந்த கறுப்பு வெள்ளைப் படம், ஜன்னலருகே கொண்டு போனால் பச்சையடித்தது. கறுப்பு, சாம்பல், வெளிர்சாம்பல் என்று மூன்று கறுப்பு இங்க்குகள் கொண்ட ஸ்டைலஸ் போட்டோ ஆர்2400 மாடலை அதே நிறுவனம் 2005-ல் கொண்டு வந்தது. சாம்பலைச் சாம்பலாலேயே அடித்தால் கலர் இங்க்கின் வேலை குறைந்துவிடுகிறது. நிறைய கறுப்பு வெள்ளைப் படங்கள் எடுப்பவர்கள் அப்படிப்பட்ட பிரிண்டரைத் தேடலாம். ஒரு படத்திற்காக அவ்வளவு பணம் போட வேண்டியதில்லை. படம் எங்கே மாட்டப்போகிறதோ, அந்தச் சுவருக்கே கொண்டு போய்ப் பாருங்கள். நான் கம்ப்யூட்டர் மேஜை விளக்கில் பார்த்துத் திருப்தியடைந்த பிரிண்ட், கூடத்தில் கொஞ்சம் நீலமாகத் தெரிந்ததால் எல்லோவை இரண்டு புள்ளி கூட்ட வேண்டி வந்தது.

கடைசியில் ஒரு சாயலும் இல்லாத, சுத்தமான சாம்பல் படம் கிடைத்தது. பெருமையோடு நீட்டினேன். அம்மா வெகு நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தப் படத்துல அப்பா இன்னும் கொஞ்சம் காவியா இருப்பாரே" என்றார்.

ஒரிஜினல் ஸ்கேன் பைல் பத்திரமாக இருந்தது. அதைத் திறந்து, நிறச் செறிவைக் குறிக்கும் சாச்சுரேஷனைப் பாதியாகக் குறைத்து, பழுப்பில் கொஞ்சம் மட்டும் மிஞ்சும்படி செய்து, அதே பிரிண்டரில், அதே செட்டிங்கில் கிரேஸ்கேல் டிக் மட்டும் இல்லாமல் எடுத்தேன். கூடத்தில் மாட்டியிருப்பது அந்தப் படம்தான். இப்போது ஞாயிறுதோறும் ஒரு நாசில் செக் பிரிண்ட் எடுத்துவிடுகிறேன்; இங்க் காயாமல் இருக்கிறது.