தறிக்கொட்டகையில் சபை தொடங்கலாமா?

கேள்வி: ஐயா, எங்கள் ஊர் காஞ்சிபுரம் பக்கம் தாமல். நெசவுக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கூடி ஜெபம் செய்கிறோம். இடம் போதவில்லை. தறி ஓடாமல் கிடக்கும் பின்புறக் கொட்டகையைச் சபையாக மாற்ற நினைக்கிறோம். ஏரிப் பக்கம் ஓர் இடம் மலிவாக வருகிறது என்றும் சொல்கிறார்கள். பிள்ளைகளுக்கு மாலையில் இலவச டியூஷன், தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு, இரண்டையும் சபையின் பெயரிலேயே நடத்த ஆசை. இதற்குள் பக்கத்துத் தெருக்காரர்கள் ஊராட்சியில் ஆட்சேபணை மனு கொடுத்துவிட்டார்கள். மத சுதந்திரம் அரசியல் சட்டத்திலேயே இருக்கும்போது யாரிடம், எதற்கு அனுமதி கேட்க வேண்டும்?

— ஒரு வாசகர், தாமல்

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் எதை நம்புகிறீர்கள், யாரை வணங்குகிறீர்கள் என்பதற்கு இந்த நாட்டில் எந்த அதிகாரியின் கையெழுத்தும் தேவையில்லை. ஆனால் சபை என்று ஒன்று வந்துவிட்டால் அதற்கு ஒரு சர்வே எண் இருக்கிறது, சுவரும் கூரையும் இருக்கின்றன, சத்தம் வெளியே போகிறது, காணிக்கை வருகிறது, செலவாகிறது. புதிய சபைகளைச் சுற்றி எழும் வழக்குகளின் மனுவில் மத உரிமை என்று எழுதியிருந்தாலும், உள்ளே பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் நிலம், கட்டடம், ஒலி, பணம் இந்த நான்கில் ஒன்றுதான் இருக்கும். அந்த நான்கையும் முதலில் சரிசெய்யுங்கள். அரசியல் சட்ட வாதம் கடைசியில் தேவைப்பட்டால் எடுக்க வேண்டியது. அதை முதலிலேயே எடுத்து நீட்டுகிறவர்கள், பட்டா எங்கே என்று கேட்டவுடன் தடுமாறிப் போகிறார்கள்.

அரசியல் சட்டத்தின் 25-வது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு. 26-வது பிரிவு மத, தர்ம நிறுவனங்களை ஏற்படுத்தி நடத்தும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவு, சொத்து நிர்வாகம் என்று வரும்போது 'சட்டப்படி' என்ற நிபந்தனையையும் சேர்க்கிறது. வீட்டுக்குள் குடும்பமும் உறவும் நட்பும் கூடி ஜெபம் செய்வதற்கு அனுமதி வாங்கு என்று சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. ஆனால் வீடு எந்தக் கட்டத்தில் பொது வழிபாட்டு இடமாகிறது என்பதில்தான் சிக்கல். இதில் உயர் நீதிமன்ற ஆணைகள் எல்லாம் ஒரே திசையில் போகவில்லை. ஒவ்வொரு வழக்கிலும் அங்கங்கே இருந்த நிலைமை முடிவைத் தீர்மானித்திருக்கிறது. வாசலில் பெயர்ப்பலகை, குறித்த நேரத்தில் வெளியாட்கள் வருகை, மைக், காணிக்கைப் பெட்டி என்று சேரச் சேர, 'இது வீடு' என்ற வாதம் மெலிந்துகொண்டே போகும். கொட்டகையைச் சபையாக மாற்றுகிறோம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எனவே அந்த வாதம் உங்களுக்கு உதவாது.

தமிழ்நாட்டுக் கட்டட விதிகளின்படி, பொது வழிபாட்டுக்கான கட்டடத்துக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். ஊராட்சிகளுக்கு 1997-ல் வந்த கட்டட விதிகளில் இது இருந்தது. 2019-ல் ஒருங்கிணைந்த விதிகள் வந்த பிறகும் இந்த முன் அனுமதியைத் தவிர்த்துவிட்டுக் கட்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊராட்சித் தலைவர் வாய்மொழியாகச் சரி என்று சொன்னாலும், வீட்டுவரி ரசீது இருந்தாலும் அது இந்த அனுமதி ஆகாது. தறிக்குழியை மூடிச் சிமெண்ட் தரை போட்டு, நடுச்சுவரை எடுத்துக் கூடமாக்கினால் கட்டடத்தின் பயன்பாடே மாறுகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தால் அது வருவாய்த் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் போய், விஏஓ, தாசில்தார், கோட்டாட்சியர் அறிக்கைகளோடு திரும்பும். காலம் பிடிக்கும். அதற்குள் கட்டி முடித்துவிட்டு, பிறகு அனுமதி கேட்பது நம் ஊரில் சகஜம். ஆனால் சீல் வைப்பதற்கும் இடிப்பதற்கும் அதிகாரிகளுக்கு வசதி செய்து கொடுப்பதும் அதே வழக்கம்தான்.

'கிறிஸ்தவர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி?' என்று நீங்கள் கேட்கக்கூடும். விதியின் வாசகத்தில் எந்த மதத்தின் பெயரும் இல்லை. தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் அதுவேதான். நடைமுறையில் எல்லாருக்கும் ஒரே கண்டிப்பு காட்டப்படுகிறதா என்பது வேறு கேள்வி. காட்டப்படவில்லை என்று நினைக்க இடம் உண்டு. ஆனால் 'அவர்கள் அனுமதியில்லாமல் கட்டினார்கள், நாங்களும் கட்டினோம்' என்பது நீதிமன்றத்தில் செல்லாது. சட்டத்தை மீறுவதில் சமத்துவம் கேட்க முடியாது. இன்னொரு பக்கம், பத்துப் பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்துவிட்டார்கள் என்பதாலேயே ஆட்சியர் மறுத்துவிட முடியும் என்று எதிர்த் தரப்பு நினைத்தால் அதுவும் தவறு. ஆட்சியர் பார்க்க வேண்டியது பொது அமைதிக்கு உண்மையிலேயே ஆபத்து உண்டா என்பதை. பக்கத்து வீட்டாருக்குப் பிடிக்கவில்லை என்பது அமைதிக் குலைவு ஆகிவிடாது. காரணம் சொல்லாமல் மறுத்தாலோ, மனுவை மாதக்கணக்கில் கிடப்பில் போட்டாலோ, 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். 25-வது பிரிவுக்கு உண்மையான வேலை அங்கேதான்.

ஒலி விஷயத்தில் சட்டம் இதைவிடத் தெளிவு. சென்னையில் கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி நலச் சங்கத்துக்கும் சர்ச் ஆஃப் காட் (ஃபுல் காஸ்பல்) சபைக்கும் நடந்த வழக்கில் 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒலிபெருக்கி, டிரம்ஸ், கிடார் சத்தம் தாங்கவில்லை என்பது குடியிருப்போர் புகார். சிறுபான்மை மதத்தின் உரிமையை நசுக்கப் பார்க்கிறார்கள், சத்தத்துக்குக் காரணம் மாதவரம் நெடுஞ்சாலைப் போக்குவரத்து என்பது சபையின் வாதம். பிறர் அமைதியைக் கெடுத்தோ ஒலிபெருக்கி வைத்தோ வழிபட வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று கூறி நீதிமன்றம் சபையின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மாதவரம் சாலை இரைச்சல் உண்மையாகவே இருந்திருக்கலாம். அதுகூட ஒலிபெருக்கியைக் காப்பாற்றவில்லை. அதே 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 மணி முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. தகரக் கூரை போட்ட கொட்டகையில் பன்னிரண்டு குடும்பத்துக்கு மைக் எதற்கு? உங்கள் மேல் வந்த ஆட்சேபணை மனுவை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள். பாதிப் புகார் சத்தத்தைப் பற்றியதாக இருந்தால், அதை இந்த ஞாயிற்றுக்கிழமையே தீர்த்துவிடலாம்.

ஏரிப் பக்கம் மலிவாக வரும் இடத்தைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. தாமல் ஏரி பெரிய ஏரி. நீர்ப்பிடிப்புப் பகுதியோ, வரத்துக்கால்வாயோ, கரைப் புறம்போக்கோ ஆக இருந்தால், 2007-ம் ஆண்டு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டத்தில் யார் பெயரில் என்ன பத்திரம் இருந்தாலும் நிற்காது. நீர்நிலை விஷயத்தில் வழிபாட்டுத் தலம் என்ற பரிவை நீதிமன்றங்கள் எந்த மதத்துக்கும் காட்டுவதில்லை. கோயில்கள் நிறைந்த ஊரில் இரண்டாவது ஆபத்து, கோயில் நிலம். 1959-ம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி, ஆணையரின் அனுமதி இல்லாமல் நடந்த கோயில் நில விற்பனை செல்லாது. குத்தகைதாரரின் பேரன் கையில் பழைய பத்திரம் இருக்கிறது என்பதால் அது அவருடைய நிலம் ஆகிவிடாது. மூன்றாவது, பஞ்சமி நிலம். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் ஏற்பாடு பிறந்தது. காஞ்சிபுரம் வட்டாரம் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. குறிப்பிட்ட காலம் வரை விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அதே பிரிவு மக்களுக்கே விற்க வேண்டும் என்பது அந்த ஒதுக்கீட்டின் நிபந்தனை. ஒரு சபையின் டிரஸ்ட் அதை வாங்கினால் நிலமும் போகும், எந்த மக்களுக்குச் சேவை செய்யப் போகிறீர்களோ அவர்கள் சொத்தை விழுங்கியவர்கள் என்ற பெயரும் மிஞ்சும். ஆகவே பத்திரத்தோடு நிற்காமல் ஏ-ரிஜிஸ்டர், எஃப்.எம்.பி. வரைபடம், அடங்கல், 30 வருட வில்லங்கம் நான்கையும் எடுங்கள். பட்டாவில் 'நிபந்தனை' என்ற சொல் எங்கேனும் தென்பட்டால் பழைய கோப்பைத் தாலுகா அலுவலகத்தில் தேடச் சொல்லுங்கள். என்னைக் கேட்டால், உங்கள் சொந்த நத்தத்தில் இருக்கும் கொட்டகை அந்த ஏரிப் பக்கத்து இடத்தைவிட எவ்வளவோ மேல்.

சேவையைச் சபையின் பெயரில் நடத்துவது பற்றி: வேண்டாம் என்பது என் கருத்து. இதற்கு உங்களிடமிருந்து எதிர்ப்பு வரும் என்று தெரியும். விசுவாசமும் சேவையும் ஒன்றுதான், பிரிக்கச் சொல்வது எங்கள் மதத்தையே வெட்டச் சொல்வதுபோல என்பீர்கள். மனதில் பிரிக்கச் சொல்லவில்லை, கணக்கில் பிரிக்கச் சொல்கிறேன். இந்த மண்ணில் அதற்கு முன்மாதிரி உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் சென்னையில் 1837-ல் தொடங்கிய பள்ளியிலிருந்துதான் சென்னைக் கிறித்துவக் கல்லூரி வளர்ந்தது. காஞ்சிபுரத்தில் ஆண்டர்சன் பெயர் தாங்கிய பள்ளியும் நிற்கிறது. அந்தப் பள்ளிகளில் படித்தவர்களில் பெரும் பகுதியினர் கிறிஸ்தவர்கள் ஆகவில்லை. பள்ளி அதனால் மூடப்படவும் இல்லை. சட்டத்தின் பக்கமிருந்து பார்த்தாலும் இதுதான் பாதுகாப்பு. ரெவரெண்ட் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் 1977-ல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மதத்தைப் பரப்பும் உரிமை என்பது கொள்கையை எடுத்துச் சொல்லும் உரிமை, இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது, இன்று இங்கே அப்படியொரு சட்டம் இல்லை. ஆனாலும் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் கட்டாயம், டியூஷனுக்கு வந்தால் ஞாயிறு பள்ளிக்கும் வர வேண்டும் என்று இருந்தால், ஆசை காட்டி மாற்றுகிறார்கள் என்ற புகாருக்கு நீங்களே சாட்சி தயார் செய்து கொடுத்தவர்கள் ஆவீர்கள்.

எனவே இரண்டு அமைப்புகள். வழிபாட்டுக்கு ஒரு சங்கம்: 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் குறைந்தது ஏழு பேர் சேர்ந்து பதியலாம். சேவைக்குத் தனியாக ஒரு பொது அறக்கட்டளை, மதம் பார்க்காத நோக்கங்களோடு, சார்பதிவாளர் அலுவலகத்தில். நன்கொடை கொடுப்பவர்களுக்கு 80ஜி என்று பழகிப்போன வரிச்சலுகை, ஒரு குறிப்பிட்ட மதச் சமூகத்துக்காக நடக்கும் அமைப்புக்குக் கிடைக்காது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் சேவைக்கு வர வேண்டிய பணமும் வராது. சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் அனுப்பினால், அவர் இந்தியக் குடிமகனாக இருந்து சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புகிறாரா, அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டாரா என்று கேளுங்கள். இரண்டாவது என்றால் அது வெளிநாட்டு நிதி. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் ஒரு ரூபாய்கூட அமைப்பின் கணக்கில் ஏறக் கூடாது. மதியச் சாப்பாடு இலவசம்தானே என்று இருந்துவிடாதீர்கள், லாப நோக்கம் இல்லாத சமையலும் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணவுத் தொழில்தான், பதிவு தேவை. மாலை டியூஷன் வரை சிக்கல் இல்லை. பிள்ளைகளை இரவு தங்கவைத்து இல்லம் நடத்தும் எண்ணம் வந்தால், 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41-வது பிரிவுப் பதிவு இல்லாமல் ஒரு பிள்ளையைக்கூடச் சேர்க்காதீர்கள்.

நீங்கள் கேட்காத இரண்டு விஷயம். புதிய சபைப் போதகர் ஞானஸ்நானம் கொடுக்கலாம், ஆனால் கல்யாணம் நடத்தி வைக்க முடியாது. 1872-ம் ஆண்டு இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டத்தின் 5-வது பிரிவு யாரெல்லாம் நடத்தலாம் என்று பட்டியல் போடுகிறது. ஸ்காட்லாந்துத் திருச்சபைக் குருக்களுக்குப் பெயர் சொல்லியே இடம் உண்டு, உங்கள் போதகருக்கோ அரசின் உரிமம் வேண்டும். உரிமம் இல்லாமல் நடத்தினால் 68-வது பிரிவில் 10 ஆண்டு வரை சிறை. அடுத்தது, பட்டியல் சாதியினர் உங்களிடம் ஞானஸ்நானம் கேட்டு வந்தால், 1950-ம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி அந்தச் சாதிச் சான்றுக்குரிய தகுதி போய்விடும் என்பதை முன்கூட்டியே அவர்களுக்குச் சொல்லுங்கள். செல்வராணி வழக்கில் 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார்கள். இந்தச் சட்டம் நியாயமா என்பதில் எனக்கே ஆட்சேபணை உண்டு. ஆனால் பெற்றோர் எடுக்கும் முடிவின் விளைவை, பிள்ளை கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை வரக் கூடாது.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: கொட்டகையில் கைவைக்காதீர்கள், பலகை மாட்டாதீர்கள். வீட்டுக்குள் மைக் இல்லாமல் ஜெபத்தைத் தொடருங்கள். யாராவது புகுந்து கலைத்தால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 300-வது பிரிவில் குற்றம், காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். ஊராட்சியில் வந்த ஆட்சேபணை மனுவின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பெறுங்கள். நத்தம் பட்டா, வரைபடம், சங்கத்தின் பதிவுச் சான்று, ஆட்சேபணைகளுக்கு வரிசையாகப் பதில் ஆகியவற்றோடு ஆட்சியருக்கு விண்ணப்பம் கொடுத்து, ஒப்புகைச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மறுப்பு ஆணை வந்தால் அதில் சொல்லப்பட்ட காரணத்தோடு எழுதுங்கள், அடுத்த படி என்ன என்று பார்க்கலாம்.