வெள்ளம் வடிந்த வீட்டில் நன்றி



துக்க வீட்டுக்குப் போகும் அன்பர்கள் பெரும்பாலும் சொல்லிவிட்டு வரும் வார்த்தை, "எல்லாம் அய்யா பார்த்துக்கொள்வார்" என்பது. வார்த்தை உண்மைதான். ஆனால் நேரம் தவறிச் சொன்னால், அழ வேண்டியவரின் வாயை அடைத்துவிடும். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடமும், விளைந்த பயிரை இழந்த விவசாயியிடமும் முதல் நாளே போய், "இதிலும் ஒரு நன்மை இருக்கும், நன்றி சொல்லுங்கள்" என்பது தர்மம் ஆகாது. அப்படியானால் இழந்தவருக்கு நன்றி எப்போது வரும், எதன் வழியாக வரும்? இந்தப் பாடம் அதைப் பற்றியது.

விழுப்புரம், திண்டிவனம் பகுதி அன்பர்கள் இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விடிவதற்குள் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டிவிட்டது. ஓராண்டு மழையில் ஏறக்குறைய பாதி அது. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி தண்ணீர் திறந்துவிடப்பட, தென்பெண்ணை கரை மீறியது. அரசூரில் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையின் மேலேயே வெள்ளம் ஓடியது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவிலுள்ள பாலத்தில் தண்ணீர் அபாய அளவைத் தொட்டதால் ரயில்கள் நின்றன.

ரேஷன் அட்டை ஒன்றுக்கு 2,000 ரூபாயும், நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், இறந்த மாட்டுக்கு 37,500 ரூபாயும் நிவாரணமாக அரசு அறிவித்தது. அந்தப் பணம் தேவையானதுதான். ஆனால் கன்றாக இருந்தபோதே பெயர் வைத்து வளர்த்த பசுவுக்கு எந்தத் தொகையும் ஈடாகாது. நனைந்து முளைவிட்ட விதைக்கடலை மூட்டையைத் திறந்து பார்த்தவருக்கும் அப்படியே.

ஆற்றங்கரை விவசாயிக்கு ஒன்று தெரியும். வெள்ளம் சில வயலில் வண்டலை விட்டுப் போகும். அடுத்த போகம் நன்றாக விளையும். சில வயலில் மணலை விட்டுப் போகும்; அதை வாரி வெளியே கொட்டாமல் ஏர் பூட்ட முடியாது. "துன்பம் மனிதனை உயர்த்தும்" என்று பொதுவாகச் சொல்பவர்கள் வண்டலை மட்டும் பார்த்தவர்கள். மணல் விழுந்த மனங்களும் உண்டு. அந்த மணலை ஒரே ஆள் வார முடியாது.

மணல் வாரியவர்களின் கதை ஒன்று கடற்கரையில் இருக்கிறது. திண்டிவனத்திலிருந்து கிழக்கே போனால் மரக்காணம். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அந்தக் கரையையும் அடித்தது. தெற்கே நாகப்பட்டினத்தில் அழிவு மிகப் பெரிது. அங்கே பரமேஸ்வரன் என்ற பொறியாளருக்கு அன்று பிறந்தநாள். அன்று காலை வந்த அலை, அவருடைய மூன்று பிள்ளைகளையும் உறவினர் பலரையும் கொண்டுபோய்விட்டது. அவரும் மனைவி சூடாமணியும் மட்டும் வெறும் வீட்டில் மிஞ்சினார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்புகூட அவர்களுக்கு வந்தது. அந்த நிலையில்தான், பெற்றோரை இழந்து நின்ற மீனவக் குழந்தைகள் அவர்கள் கண்ணில் பட்டார்கள். குழந்தைகளைத் தங்கள் வீட்டுக்கே அழைத்து வந்தார்கள். தங்கள் பிள்ளைகள் இருந்த இடத்தில் அவர்களை வளர்த்தார்கள். 'நம்பிக்கை' என்ற இல்லம் அப்படித்தான் தொடங்கியது. அங்கே வளர்ந்தவர்கள் படித்து வேலைக்குப் போயிருக்கிறார்கள்.

அவர்கள் எந்த வழியில் இறைவனைக் கும்பிடுகிறார்கள் என்பது இங்கே முக்கியமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. துக்கம் முழுதும் ஆறிய பிறகு அவர்கள் அந்தக் குழந்தைகளைச் சேர்க்கவில்லை. அழுகை இருக்கும்போதே சோறு பொங்கினார்கள். போன மூன்று பிள்ளைகளுக்கு வந்த பிள்ளைகள் ஈடு என்று கணக்குப் போட முடியுமா? முடியாது. பெற்ற வயிற்றின் வலி தனி, தட்டில் சோறு போடும்போது வரும் நிறைவு தனி. இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும்.

அய்யா வைகுண்டர் நடத்திய வழியும் இதற்குப் பக்கத்தில் வருகிறது. சிங்காரத்தோப்புச் சிறையிலிருந்து வெளியே வந்த அய்யா, தம்மை வருத்தியவர்கள் மேல் மக்களை ஏவிவிடவில்லை. வரியாலும் ஊழியத்தாலும் நொறுங்கிக் கிடந்த 700 குடும்பத்தாரை வாகைப்பதியில் துவையல் தவசில் இருத்தினார். கடலில் குளிப்பது, உடுத்த துணியைத் துவைப்பது, ஒருவேளை உணவு. கேட்க மிகச் சிறிய காரியங்கள். ஆனால் தாழ்ந்தவன் என்று பேர் வாங்கிக் குனிந்து நடந்தவர்கள் அந்தக் கூட்டு வாழ்விலிருந்து தலைப்பாகை கட்டிய மனிதர்களாக எழுந்தார்கள். பிறகு ஊர் ஊராக நிழல் தாங்கல்கள் வந்தன.

விழுப்புரம் வெள்ளத்திலும் இதுபோன்ற சிறிய காரியங்கள்தான் மனிதரைத் தூக்கி நிறுத்தின. பக்கத்துத் தெருவிலிருந்து வந்த ஒரு தூக்கு கஞ்சி. சேறு தள்ள வந்த நாலு பையன்கள். மாற்றிக்கொள்ள ஒரு சேலை. நன்றி இவற்றுக்குத்தான், வெள்ளத்துக்கு யாரும் நன்றி சொல்ல வேண்டாம். அதைத் திருப்பிச் செலுத்தக் கஞ்சி கொடுத்த அதே வீட்டுக்குப் போக வேண்டிய கட்டாயமும் இல்லை. அடுத்த மழையில் வேறு யார் வீட்டில் அடுப்பு எரியாமல் கிடக்கிறதோ, அங்கே அந்தத் தூக்கு போகலாம்.

உச்சிப்படிப்புக்கு வருகிறவர்களில் அண்மையில் இழப்பைக் கண்டவர் இருந்தால், அவரிடம் பேச்சு கொடுக்க அவசரப்பட வேண்டாம். பக்கத்தில் உட்காரலாம். அவர் சொன்னால் கேட்கலாம். சில வாரம் கழித்து, அன்னதர்மத்துக்குக் காய் நறுக்க வருகிறீர்களா என்று கேட்டுப் பார்க்கலாம். முடியாது என்றால், அடுத்த மாதம் மறுபடியும் கேட்கலாம்.