மகளோடு படித்த நாவல்

நான் இப்போது கொழிஞ்சாம்பாறையில் ஆசிரியராக இருந்தாலும், பிறந்து வளர்ந்தது மூணாறு பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள் போன விடுமுறையில் பள்ளி நூலகத்திலிருந்து ஓர் ஆங்கில நாவல் கொண்டு வந்தாள். அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் எழுதி 2008-இல் வெளிவந்த 'தி ஹங்கர் கேம்ஸ்'. பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்லும் கதை என்றதும் முகம் சுளித்தேன். பிறகு அவளோடு சேர்ந்தே படித்தேன். நம் பெற்றோருக்கு உதவும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

பானெம் என்பது கற்பனை நாடு. அந்தச் சொல்லுக்கு லத்தீனில் ரொட்டி என்று பொருள். தலைநகர் உண்டு களிக்க, 12 மாவட்டங்கள் உழைக்கின்றன. முன்பு நடந்த கலகத்துக்குத் தண்டனையாக ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என 24 பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கி எடுத்துச் சாகும்வரை மோதவிடுகிறார்கள்.

முதலில் தாளும் பென்சிலும் எடுத்தோம். 12 வயதில் ஒரு சீட்டு, பிறகு ஆண்டுக்கு ஒன்று கூடும். ஏழைப் பிள்ளை தானியமும் எண்ணெயும் வாங்கினால், வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு சீட்டு அதிகம். கதாநாயகி காட்னிஸ் தாய்க்கும் தங்கைக்கும் தனக்குமாக ஆண்டுதோறும் மூன்று பங்கு வாங்குகிறாள். 16 வயதில் கட்டாயச் சீட்டு 5, தானியச் சீட்டு 15, ஆக 20. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு 5 தான். "குலுக்கல் எல்லாருக்கும் பொதுதானே அப்பா?" என்று கேட்டவள், கூட்டிப் பார்த்ததும் பேசவில்லை.

அடுத்து, யாருக்குப் பதில் யார் போகிறார்கள் என்று பார்த்தோம். ஒரே சீட்டுள்ள தங்கை ப்ரிம்மின் பெயர் வருகிறது. அக்கா முன்வந்து நிற்கிறாள். அந்தப் பக்கத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. எங்கள் அப்பா ஓய்வு பெற்றபோது, வீட்டில் ஒருவர் தோட்ட வேலையில் சேர்ந்தால்தான் லயத்து வீடு தங்கும் என்ற நிலை. பத்தாவது முடித்திருந்த அக்கா பேர் கொடுத்தாள். நான் கல்லூரிக்குப் போனேன். இதை அன்றுதான் முதன்முதலாக மகளிடம் சொன்னேன்.

கதையும் நம் ஊரும் ஒன்றல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். காட்னிஸ் பெரும்பாலும் தனியாகவே போராடுகிறாள். 2015 செப்டம்பரில் மூணாறில் தோட்டப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றாகச் சாலையில் அமர்ந்தார்கள். பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவைத்து, 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரில் நின்று, போனஸும் கருணைத்தொகையுமாக 20 சதவீதம் பெற்றார்கள். அக்காவும் அதில் இருந்தாள்.

பொங்கலுக்கு மூணாறு போனபோது மகள் அத்தைக்குக் கதையைத் தமிழில் சொன்னாள். கொழுந்துக் கறை படிந்த விரல்களைப் பார்த்தபடி கேட்ட அக்கா, ஒன்றே ஒன்று கேட்டாள்: "அந்தச் சின்னவ படிச்சு நல்லா வந்தாளா?"

மகள் என்னைப் பார்த்தாள். எனக்குப் பதில் வரவில்லை.

பெற்றோர்களே, பிள்ளை கையில் உள்ள புத்தகத்தைப் பிடுங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து படியுங்கள். நாம் சொல்லாமல் வைத்திருக்கும் குடும்பக் கதைகளைச் சொல்ல அது ஒரு வழி திறக்கும்.